மின் நிலையத்தின் வெப்பத்தை யார் வாங்குவார்?

கேள்வி இது: "நிலக்கரி எரிக்கும் அனல் மின் நிலையத்தில், எரிந்த வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை கூலிங் டவர் வழியாகவோ கடல் நீரிலோ வீணாகப் போகிறது என்கிறார்கள். ஐரோப்பாவில் அதே வெப்பத்தைக் குழாய் வழியாக வீடுகளுக்குக் கொடுத்துக் காசாக்குகிறார்களாமே. அது எப்படி நடக்கிறது? எப்போது தொடங்கியது? நாம் ஏன் செய்யவில்லை?"

நடப்பது உண்மைதான். ஆனால் கேள்வியில் ஒரு சிறிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே போனால் மற்ற எல்லாமே தவறாகப் புரியும். ஐரோப்பிய நகரங்களில் வீடுகளுக்குப் போகும் வெப்பம், நம் நிலையங்கள் கடலில் விடும் அந்த வெப்பம் அல்ல. மின்சாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக வாங்கிக்கொள்ளும் வெப்பம் அது. அந்தப் பண்டமாற்று எந்த ஊரில் கட்டுப்படியாகும், எந்த ஊரில் ஆகாது என்பதுதான் இந்த விஷயத்தின் வரலாறு முழுவதும்.

நான் கொதிகலன், டர்பைன் பக்கம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். புதிதாகச் சேரும் பையன்களைக் கண்டென்சரிலிருந்து (டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி நீராக்கும் கலம்) குளிர்விக்கும் நீர் வெளியேறும் குழாயருகே கூட்டிக்கொண்டு போய், அதன் மேல் கையை வைக்கச் சொல்வது வழக்கம். நிலையத்தின் பாதிக்கு மேற்பட்ட சக்தி இதன் வழியாகத்தான் வெளியே போகிறது என்று சொன்னதும் பயந்துகொண்டுதான் தொடுவார்கள். தொட்டதும் முகத்தில் ஏமாற்றம் தெரியும். கோடைக் காலத்திலேகூட அந்த நீர் 40 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர், அவ்வளவுதான். வெப்பத்தின் அளவு மலைபோல இருக்கிறது, அதன் தரமோ வெதுவெதுப்பாக இருக்கிறது. இந்த நீரைக் குழாயில் விட்டு நாலு மைல் தள்ளியிருக்கும் வீட்டைச் சூடாக்க முடியாது.

ஏன் இவ்வளவு வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால், நாங்கள்தான் வேண்டுமென்றே அப்படி ஆக்குகிறோம். மாவாக அரைத்த நிலக்கரியைக் கொதிகலனில் ஊதி எரித்து, 130 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) 540 டிகிரி நீராவி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு கிலோ நீராவி சுமார் 3,400 கிலோஜூல் சக்தியைச் சுமந்துகொண்டு டர்பைனுக்குள் நுழைகிறது. நீராவி விரியும்போது தகடுகளைச் சுழற்றுகிறது. எவ்வளவு தாழ்ந்த அழுத்தம் வரை அதை விரியவிடுகிறோமோ அவ்வளவு வேலை நமக்குக் கிடைக்கும். ஆகவே டர்பைனின் கடைசியில் கண்டென்சரை வைத்து, அதற்குள் காற்றை உறிஞ்சி வெற்றிடத்துக்கு நெருக்கமாக வைத்திருக்கிறோம். அங்கே நீராவி 40 டிகிரியிலேயே நீராகிறது. என் கணக்கில் அந்த ஒரு கிலோவிலிருந்து 1,200 கிலோஜூல் அளவுக்கு வேலை கிடைக்கிறது; ஏறத்தாழ 2,050 கிலோஜூல் கண்டென்சர் குழாய்களின் வழியாகக் குளிர்விக்கும் நீருக்குப் போகிறது; மிச்சம் கொதிகலனுக்குத் திரும்பும் நீரிலேயே தங்கிவிடுகிறது. இந்த 2,050 அலட்சியத்தால் போவதன்று. நீராவியை நீராக்காமல் மறுபடி கொதிகலனுக்குள் தள்ள முடியாது, நீராக்க வேண்டுமானால் அந்த வெப்பத்தை எங்காவது விட்டே ஆகவேண்டும்.

இப்போது அதே டர்பைனின் கடைசிச் சில வரிசைத் தகடுகளை எடுத்துவிட்டு, நீராவியை 90 டிகிரியிலேயே வெளியே எடுப்போம். அழுத்தம் சுமார் 0.7 பார். வேலை 1,200-லிருந்து 970-க்கு இறங்குகிறது. 230 கிலோஜூல் மின்சாரம் போயிற்று. அதற்குப் பதிலாக, கிலோவுக்கு 2,100 கிலோஜூல் வெப்பம் 90 டிகிரியில் கைக்கு வருகிறது. அதாவது ஒரு பங்கு மின்சாரத்தை இழந்தால் எட்டு ஒன்பது பங்கு வெந்நீர் கிடைக்கிறது. கண்டென்சர் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெப்ப மாற்றி உட்காருகிறது. அதன் குழாய்களுக்குள் கடல் நீருக்குப் பதில் ஊரின் வெந்நீர் ஓடுகிறது. வெறும் மின் நிலையத்தில் நிலக்கரியின் சக்தியில் 35 முதல் 40 சதவீதம் பயனானால், இங்கே மின்சாரமும் வெப்பமுமாகச் சேர்த்து 85 சதவீதத்துக்கு மேல் பயனாகிறது. புகைபோக்கியில் போவதும், கொதிகலன் சுவர் வழியாகக் கசிவதும்தான் மிச்சம்.

கூட்டிப் பார்க்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். மின்சாரத்தையும் வெந்நீரையும் ஒரே தராசில் போட்டு 85 என்பது கணக்குக்குச் சரி. ஆனால் ஒரு யூனிட் மின்சாரமும் ஒரு யூனிட் வெந்நீரும் சந்தையில் ஒரே விலைக்குப் போவதில்லை. விளம்பரத் தாள்களில் அந்தச் சதவீதத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வரலாற்றுக்கு வருவோம். மின்சாரம் ஊருக்குள் வந்த காலத்திலேயே இந்த யோசனையும் வந்துவிட்டது. ஏனென்றால் அப்போது மின் நிலையங்கள் நகரத்தின் நடுவிலேயே இருந்தன, வெப்பத்தை வாங்குகிறவர் அடுத்த தெருவிலேயே இருந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 1890களிலேயே நகரமன்றக் கட்டடம் அருகிலிருந்த மின் நிலையத்திலிருந்து வெப்பம் பெற்றது. ரஷ்யாவில் 1924 நவம்பரில், லெனின்கிராடின் மூன்றாவது மின் நிலையம் ஃபோன்டாங்கா ஆற்றங்கரையில் இருந்த 96-ஆம் எண் வீட்டுக்கு வெப்பம் கொடுக்கத் தொடங்கியது. சோவியத் நகரங்களில் பின்னர் பெருகிய பெரிய வெப்ப வலையமைப்புகளுக்கு அந்த ஒரு வீடுதான் தொடக்கம். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலிருந்த பாட்டர்சீ நிலையம், 1950 முதல் ஆற்றுக்கு அடியில் போன குழாய்களின் வழியே வடகரையின் பிம்லிகோ குடியிருப்புகளுக்கு வெந்நீர் அனுப்பியது. அங்கே சர்ச்சில் கார்டன்ஸ் குடியிருப்பின் நடுவில் கண்ணாடி போர்த்திய, 41 மீட்டர் உயரமுள்ள ஒரு வெந்நீர்த் தொட்டி இன்றும் நிற்கிறது. பாட்டர்சீ நிலையம் 1983-இல் மூடப்பட்ட பிறகும், பிம்லிகோவில் கொதிகலன்கள் அமைத்துக்கொண்டு அந்த வலையமைப்பு தொடர்ந்து ஓடியது.

இங்கிலாந்து இதற்கு மேல் பெரிதாகப் போகவில்லை. நிலையங்கள் பெருத்து, நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் ஆறுகளுக்கும் அருகே ஊரைவிட்டு வெளியே நகர்ந்தன. மின்சாரத்தைக் கம்பியில் நூறு மைல் அனுப்பலாம், வெந்நீரை அப்படி அனுப்ப முடியாது. வட ஐரோப்பாவோ வேறு பாதையில் போயிற்று. 1973 எண்ணெய் நெருக்கடி டென்மார்க்கை உலுக்கியது. 1979-இல் அந்நாடு வெப்ப வழங்கலுக்கென்றே ஒரு சட்டம் இயற்றி, எந்தப் பகுதிக்கு எந்த வழியில் வெப்பம் போகவேண்டும் என்று திட்டமிட்டது.

ஒரு நிலையத்தை மட்டும் நெருங்கிப் பார்க்கவேண்டுமானால் நான் பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியைத்தான் காட்டுவேன். அங்கே மின்வாரியம் நகராட்சியுடையது, 1909-இல் தொடங்கியது. வீடுகளும் அலுவலகங்களும் அடுக்கடுக்காக நெருங்கி நிற்கும் ஊர், குளிர்காலத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கும் இறங்கக்கூடிய ஊர். ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளத்திலும் தனித்தனிக் கொதிகலனும், கூரையில் ஒரு புகைபோக்கியும் இருந்த நிலையை மாற்ற, நகரம் 1950களில் பொது வெந்நீர்க் குழாய்களைப் பதிக்கத் தொடங்கியது. மேற்குக் கரையில் சல்மிசாரி நிலையம் 1953-இல் வந்தது. கிழக்கே ஹனசாரியில் முதல் நிலையம் 1960-இலும், அதற்குப் பக்கத்தில் ஹனசாரி 'பி' 1974-இலும் வந்தன. சல்மிசாரி 'பி' 1984-இல் சேர்ந்தது. இன்று அந்நகரத்துக் கட்டடங்களின் வெப்பத் தேவையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இந்தக் குழாய்களே கொடுக்கின்றன.

2023 வரை ஓடிய ஹனசாரி 'பி' நிலையத்தின் திறனைப் பாருங்கள்: மின்சாரம் 220 மெகாவாட், வெப்பம் 420 மெகாவாட். மேலே ஒரு கிலோ நீராவிக்குப் போட்ட கணக்கில் 970-க்கு 2,100 வந்தது. இங்கே 220-க்கு 420. விகிதம் கிட்டத்தட்ட அதுவே. நம்மூர் ஆள் ஒருவர் இதைப் பார்த்தால் "வெறும் 220 மெகாவாட்டா, வடசென்னை அனல் மின் நிலையத்தில் ஒரே ஒரு டர்பைன்கூட இதற்குச் சமமாயிற்றே" என்று கேட்பார். அந்த நிலையத்தின் முதல் சரக்கு வெந்நீர்தான். மின்சாரம் அதன் கூடப் பிறந்தது. இரண்டும் சேர்ந்த 640 மெகாவாட்டுக்கு, நல்ல கரியாக இருந்தால் மணிக்கு ஏறத்தாழ 100 டன் எரிக்கவேண்டியிருந்தது. இந்தக் கரியெல்லாம் கப்பலில் வந்து, நகர மையத்திலிருந்து பார்த்தாலே தெரியும் தூரத்தில், கடலோரத்தில் கரும் மலையாகக் குவிந்து கிடந்தது.

கரியை வெட்டவெளியில் குவித்து வைப்பதில் இருக்கும் தொல்லை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காற்று பட்டால் கரி தானாகவே சூடேறும். கவனிக்காவிட்டால் உள்ளுக்குள் கனன்று, ஒரு நாள் காலையில் குவியலின் ஓரத்தில் புகை எழும். புல்டோசரை ஏற்றி இறுக்கவேண்டும், கனன்ற இடத்தைத் தோண்டிப் பரப்பவேண்டும். அதோடு தூசு. நகரத்துக்குள் நிலம் விலையேறியபோது சல்மிசாரியில் ஒரு துணிச்சலான வேலை செய்தார்கள்: தரைக்கடியில் கருங்கல் பாறையைக் குடைந்து, ஒவ்வொன்றும் 40 மீட்டர் விட்டமும் 65 மீட்டர் உயரமும் உள்ள நான்கு குதிர்களை அமைத்து, கரி முழுவதையும் அதற்குள் இறக்கிவிட்டார்கள். குதிர்களின் அடிமட்டம் கடல் மட்டத்துக்கு 120 மீட்டர் கீழே. 2,50,000 டன் கொள்ளும். கப்பலிலிருந்து இறங்கும் கரி மேலே கண்ணில் படாமலேயே பாறைக்குள் போய், அடியிலிருந்து பெல்ட் வழியாகக் கொதிகலனுக்கு ஏறியது. சல்மிசாரி 'பி'யின் 160 மெகாவாட் மின்சாரத்துக்கும் 300 மெகாவாட் வெப்பத்துக்கும் முழு வேகத்தில் எரித்தால்கூட அந்த இருப்பு நான்கு மாதத்துக்கு மேல் தாங்கும். குளிர்காலத்தில் அந்தக் கடல் உறைந்துபோகும் என்பதை நினைத்தால் இவ்வளவு பெரிய குதிர் எதற்கென்று புரியும். பழைய கரிக்களம் இருந்த இடத்தில் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன.

நிலையத்திலிருந்து வெந்நீர் இரட்டைக் குழாயில் போகிறது: ஒன்று போக, ஒன்று திரும்ப. நீர் எத்தனை டிகிரியில் போகவேண்டும் என்பதை வெளியே அடிக்கும் குளிர்தான் தீர்மானிக்கிறது. மிதமான நாளில் 65, 70 டிகிரி போதும்; கடுங்குளிரில் 115 டிகிரி வரை ஏற்றுவார்கள். அழுத்தத்தில் ஓடுவதால் நூறைத் தாண்டினாலும் கொதிக்காது. அந்த நீர் வீட்டுக்குள் நேரே நுழைவதில்லை; ஒவ்வொரு கட்டடத்தின் அடித்தளத்திலும் இருக்கும் வெப்ப மாற்றியில் தன் சூட்டை மட்டும் இறக்கி வைத்துவிட்டு 40 முதல் 60 டிகிரியில் திரும்புகிறது. திரும்பும் நீர் எவ்வளவு குளிர்ந்து வருகிறதோ அவ்வளவு நல்லது. டர்பைனின் கடைசியில் நீராவியை இன்னும் தாழ விரியவிடலாம், இழந்த மின்சாரத்தில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். ஆகவே ஒரு வீட்டின் ரேடியேட்டர் சரியாக வேலை செய்யாவிட்டால், அதன் பலன் பல கிலோமீட்டருக்கு அப்பால் ஜெனரேட்டரின் மீட்டரில் தெரியும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். நம் நிலையங்களில் இருப்பவர்களுக்கு நுகர்வோர் என்பவர் கட்டுப்பாட்டு அறையில் தெரியும், மின் தேவை ஏறும்போது இறங்கி, இறங்கும்போது ஏறும் ஒரு அதிர்வெண் மட்டுமே.

இந்த ஏற்பாட்டுக்குப் பலவீனமும் உண்டு, அது கோடை. ஜூலையில் வெந்நீர் குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் மட்டுமே வேண்டும். வெப்பத்தை வாங்க ஆளில்லை. வாங்க ஆளில்லாதபோது இத்தகைய டர்பைனை ஓட்டினால் நீராவி நீராக இடமில்லை, மின்சாரமும் வராது. சில நிலையங்களில் இதற்காகவே டர்பைனின் நடுவிலிருந்து வேண்டியபோது மட்டும் நீராவியைப் பிரித்தெடுக்கும் அமைப்பை வைத்து, மீதியைக் கண்டென்சருக்கு விடுகிறார்கள். அதற்குச் செலவு கூடுதல், கட்டுப்பாடும் சிக்கல். ஹனசாரி போன்ற நிலையம் கோடையில் ஓய்வெடுத்துப் பராமரிப்பைப் பார்த்துக்கொண்டது.

இனி, நாம் ஏன் செய்யவில்லை என்ற கேள்வி. வீட்டைச் சூடாக்கும் தேவை நமக்கில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்பார்கள்: வெப்பத்தைக் கொண்டு குளிரூட்டவும் முடியுமே, லித்தியம் புரோமைடு கரைசலை வைத்து ஓடும் இயந்திரங்கள் இருக்கின்றனவே, சென்னைக்கு அப்படிக் குளிர்நீர் கொடுக்கலாமே என்று. நல்ல கேள்வி. மேலே போட்ட கணக்கையே தொடர்வோம். 1 பங்கு மின்சாரத்தை விட்டால் 90 டிகிரியில் 8 பங்கு வெப்பம் கிடைக்கிறது. அத்தகைய இயந்திரம் 1 பங்கு வெப்பத்துக்கு 0.7 பங்கு குளிர்ச்சிதான் தரும், ஆக 5.6 பங்கு குளிர்ச்சி. அதே 1 பங்கு மின்சாரத்தை விட்டுக்கொடுக்காமல் கம்பியில் அனுப்பி, பெரிய கட்டடங்களில் இருக்கும் மின்சாரக் குளிரூட்டியில் கொடுத்தால் 5 முதல் 6 பங்கு குளிர்ச்சி கிடைக்கும். இரண்டும் சமம். சமமாக இருப்பதற்காக எண்ணூரிலிருந்து அண்ணா சாலை வரை தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்க யாரும் பணம் போடமாட்டார்கள். போதாக்குறைக்கு அந்த இயந்திரத்துக்குக் கூலிங் டவர் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். தண்ணீருக்கு நாம் படும் பாட்டில் அது வேறு. நம்மவர்களுக்குத் தெரியாததால் செய்யவில்லை என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கணக்கு இடம் கொடுக்கவில்லை.

ஹெல்சிங்கியிலும் கணக்கு மாறிவிட்டது. கரி எரிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் கரியமில வாயு உரிமத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கவேண்டியிருக்கிறது. 2029 மே 1 முதல் ஆற்றலுக்காக நிலக்கரி எரிக்கக்கூடாது என்று பின்லாந்து 2019-இல் சட்டமே இயற்றிவிட்டது. ஹனசாரி 'பி' 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. சல்மிசாரியில் 2025 ஏப்ரலில் கரி எரிப்பது நின்றது. ஆனால் தெருவுக்கடியில் இருக்கும் குழாய்கள் மூடப்படவில்லை. அவற்றுக்கு இப்போது மரக்கழிவு எரிக்கும் நிலையம், மின்சாரக் கொதிகலன்கள், பெரிய வெப்ப பம்புகள் ஆகியவை வெந்நீர் கொடுக்கின்றன. ஒரு பூங்காவுக்கு அடியில், பாறைக்குள் 2006 முதல் ஓடும் காட்ரி வாலா நிலையம், சுத்திகரித்த சாக்கடை நீரில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பைப் பிழிந்தெடுத்து வீடுகளுக்கு ஏற்றிவிடுகிறது. பழைய எண்ணெய்க் கிடங்குக் குகைகளில் வெந்நீரைச் சேமித்தும் வைக்கிறார்கள். வெப்பத்தை வாங்கும் ஊர் இருந்தது, அதனால் விற்கிறவர் மாறினாலும் கடை நடக்கிறது.

நம்மிடமும் வெப்பத்தை வாங்குகிறவர் இருக்கும் இடத்தில் இந்த ஏற்பாடு நெடுநாளாக நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை யாரும் அனல் மின் நிலையம் என்று சொல்லாததால் கவனத்தில் படுவதில்லை. சர்க்கரை ஆலைக்குப் போய்ப் பாருங்கள். கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் நீராவி முதலில் டர்பைனைச் சுழற்றுகிறது; பிறகு இரண்டு மூன்று பார் அழுத்தத்தில் வெளியே வந்து, கரும்புச் சாற்றைச் சுண்டக் காய்ச்சும் பாத்திரங்களுக்குப் போகிறது. சாறுதான் இங்கே ஹெல்சிங்கி. ஆலைக்குத் தேவையானதுபோக மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கிறார்கள். கோஜென் என்று ஆலைக்காரர்கள் சொல்வது இதைத்தான். அரவைப் பருவம் முடிந்ததும் சாறு இல்லை, நீராவியை வாங்க ஆளில்லை. அந்த மாதங்களில் சேமித்த சக்கையையோ நிலக்கரியையோ எரித்து, நீராவி முழுவதையும் கண்டென்சர் பக்கம் திருப்பிவிடும் ஆலைகள் உண்டு. அப்போது அதன் கூலிங் டவரிலிருந்தும், எங்கள் நிலையத்தில் எழுவதைப் போலவே, வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருக்கும்.